அகலக்கால்

என் டிராக்டருக்கு ஆறு சக்கரம் இருந்த காலம் ஒன்று உண்டு. மொத்தம் 17 நாள். வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சிரிப்பை அங்கே வைத்துச் சிரித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவாள். 31 வருஷம் வங்கியில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவன், ரிடையர்டாகி ஊருக்கு வந்து போட்ட முதல் பெரிய கணக்கு அந்த ஆறு சக்கரம்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். 6 மா நஞ்சை, பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. டெல்டாக்காரர்களுக்கு மா என்றால் போதும். மற்றவர்களுக்காக, 3 மா ஒரு ஏக்கர். தோப்புக்கும் அதை ஒட்டிய காய்கறிக் கொல்லைக்கும் என்று 18.5 குதிரைத் திறனில் ஒரு மினி டிராக்டர் வாங்கினேன். பின் டயர் 8.00-18, அதாவது 8 அங்குல அகலம், 18 அங்குல ரிம். இந்தப் பக்க டயரிலிருந்து அந்தப் பக்க டயர் வரை 3 அடி 8 அங்குலம். இரண்டு தென்னைக்கு நடுவில் பூனை போலப் போய்வரும். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சேடை, அதாவது நடவுக்கு முந்திய சேற்றுழவு, ஓட்ட ஆரம்பித்தது. வாடகை டிராக்டருக்கு வரிசை. எனக்கு ஆறாவது நாள் முறை என்றார்கள். சொந்தமாக ஒரு டிராக்டரைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் டிராக்டருக்குக் காத்திருப்பதா? மறுநாள் காலை தோப்பு டிராக்டரை நஞ்சையில் இறக்கினேன். ஒன்றரைச் சுற்றுத்தான். வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது, குளத்தில் இறங்கிய எருமை மாதிரி. எருமைக்காவது எழுந்து வருகிற உத்தேசம் இருக்கும்.

பக்கத்து வயல் அண்ணன்தான் தன் பெரிய டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார். அதில் கேஜ் வீல் மாட்டியிருந்தது. பார்த்திராதவர்களுக்குச் சொன்னால், பின் டயருக்கு வெளிப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு இரும்புக் கூண்டு. வளையங்களும் குறுக்குப் பட்டைகளும் மட்டும்தான். நடுவில் எல்லாம் திறப்பு. டயரைக் கழற்றாமல் கூடவே மாட்டினால் அரை கேஜ், டயருக்குப் பதிலாகவே மாட்டினால் முழு கேஜ்.

"அரை கேஜ் ஒரு ஜோடி வாங்கி மாட்டு தம்பி. உன் வண்டி சைசுக்கே வருது" என்றார்.

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. முழங்கால் வரை சேறு. என் வண்டியை இப்போதுதான் அவர் இழுத்துப் போட்டிருக்கிறார். நான் அவருக்கு ரோட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். கேஜ் வீலோடு தார்ரோட்டில் போவது சட்டப்படி தப்பு. ஊராட்சி போட்ட ரோடு ஒரே போகத்தில் அம்மி கொத்தினாற்போல் ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற வழி அது. சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்ல எத்தனையோ நேரம் இருக்கிறது. அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

இரும்பு மாட்டமாட்டேன் என்று சபதம் போட்டாயிற்று. அப்புறம் என்ன மாட்டுவது? பதில் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வந்தது. தங்கை மகன் அங்கே இருக்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் குட்டித் தோட்ட டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். அதற்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். "மாமா, இதைப் பாருங்க" என்று ஒரு படம் அனுப்பியிருந்தான். பார்த்தேன். ராத்திரி முழுக்கப் பார்த்தேன்.

காலையில் எனக்குக் கொள்கை பிறந்துவிட்டது. மின்னூட்டங்களுக்கு விதி சொன்ன அதே கூலூம்தான், அதற்கு முன்பு மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டிய ராணுவப் பொறியாளர். 1773-இல் பாரிஸில் அவர் வாசித்த கட்டுரையில் மண்ணின் பலத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று ஒட்டு, இன்னொன்று உராய்வு. மணலில் உராய்வுதான் பலம். சக்கரத்தின் மேல் பாரம் ஏற்றினால் பிடிப்பு கூடும். களிமண்ணில் ஒட்டுதான் பலம். பாரத்தால் பெரிய லாபமில்லை, மண்ணைத் தொடுகிற பரப்பு கூடினால் பிடிப்பு கூடும். எங்கள் ஊர் சுத்தக் களி. ஆகவே பரப்பு. ஆகவே இரட்டைச் சக்கரம். ரப்பர் என்பதால் ரோட்டுக்கும் சேதமில்லை. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொல்வதில் எனக்குத் தனித் திறமை உண்டு. டீக்கடையில் கேட்காதவர்களுக்கெல்லாம் சொன்னேன். 1932-இல் அலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி டிராக்டருக்குக் காற்று டயர் போட்டு விற்க வந்தபோது இரும்புச் சக்கரத்துக்குப் பழகின விவசாயிகள் நம்பவில்லை, மறு வருஷமே பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற பந்தயக்காரர் அந்த டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார், என்று. "வயல்லயா?" என்று ஒருவர் கேட்டார். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

திருவாரூர் பக்கம் ஒருவரிடம் அதே 8.00-18 டயர் ரிம்மோடு ஒரு ஜோடி கிடைத்தது. பாதி தேய்ந்தது, 14,000 ரூபாய். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் வைக்க, இரண்டு முனையிலும் தட்டு வைத்த கனமான இரும்புக் குழாய் வேண்டும். அப்போதுதான் டயரும் டயரும் உரசாது. அதை லேத் பட்டறையில் செய்யச் சொன்னேன். அங்கிருந்து ஆட்சேபங்கள் தொடங்கின.

பட்டறைக்காரர் கேட்டார்: "சார், பாரம் ஒரு அடி தள்ளி வெளியே போகுது. ஆக்சில் தாங்குமா?" பாரம் பிரிந்துதானே போகிறது என்று விளக்கினேன். என் வண்டியை ஓட்டும் டிரைவர் கேட்டார்: "ரெண்டு டயருக்கும் நடுவுல சேறு அடைச்சிக்காதா சார்?" சுற்றுகிற வேகத்தில் தானாகவே உதிரும் என்றேன். மனைவி கேட்டாள்: "என்னங்க, அது நம்ம வாசல்ல நுழையுமா?" அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருந்தது.

குழாய் வந்தது. அதன் அழகுக்காக ஒரு முழு நாள் செலவழித்தேன். ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன் மேல் மஞ்சள் எனாமல் இரண்டு கை. ரிம்முக்கும் அதே மஞ்சள். தட்டும் ரிம்மும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில்கூட ஒரு சொட்டு விடாமல் பூசினேன். யார் கண்ணுக்கும் படாத இடத்தையும் ஒழுங்காகச் செய்பவன்தான் கலைஞன் என்று அப்போது நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

பூசைக்கு எலுமிச்சம்பழம் ஆறு வாங்கிவரச் சொன்னேன். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, டிரைவர் வண்டியை நகர்த்தினார். உள்சக்கரத்துப் பழங்கள் கூழாயின. வெளிச்சக்கரத்துப் பழங்கள் இரண்டும் பாதி நசுங்கிப் பாதி முழித்துக்கொண்டு கிடந்தன. மனைவி என்னைப் பார்த்தாள். சகுனம் என்று அவள் நினைத்தது, உண்மையில் பொறியியல். என் டயர்கள் புதுசு, வெளி டயர்கள் பாதி தேய்ந்தவை. டயரில் துருத்தி நிற்கும் கட்டைகளின் உயரத்தில் அரை அங்குலம் குறைவு. ஒரே ஆக்சிலில் பூட்டிய இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். ஆனால் ஒரு சுற்றில் ஒன்று மற்றதைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவாகப் போகப் பார்க்கும். 100 சுற்றுக்கு 26 அடி. அந்த 26 அடியை யாராவது ஒருவர் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். ரோட்டில் போகும்போது வெளிச்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா கூடவே வந்தன.

ஆனால் ரோட்டுக்குப் போவதற்கு முன்னால் வாசல் இருந்தது. தாத்தா காலத்துக் கல்தூண் இரண்டு, நடுவில் சரியாக 5 அடி. வண்டி இப்போது 5 அடி 8 அங்குலம். டிரைவர் தூணுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தூணைப் பார்த்தேன். தூண் என்னைவிட மூத்தது. வெளிச்சக்கரங்களைக் கழற்றி, வண்டியை வெளியே விட்டு, தெருவில் ஜாக்கி வைத்து மறுபடி மாட்டினோம். 40 நிமிஷம். சாயங்காலம் உள்ளே விட இன்னொரு 40. கேஜ் வீலை ரோட்டுக்காகக் கழற்றி மாட்டுவது பெரிய இம்சை என்று டீக்கடையில் நான் சொல்லியிருந்ததை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. அந்த நாகரிகம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது.

தெருவில் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, "தாத்தா, வெளி டயரு ரிவர்ஸ்ல இருக்கு" என்றான். டிராக்டர் டயரைப் பின்னால் நின்று பார்த்தால் அதன் கட்டைகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, முனை மேலே நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உருளும்போது முனை முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். நாங்கள் இடைவெளி கிடைக்கட்டும் என்று வெளி ரிம்மின் குழிவை உட்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தோம். சக்கரத்தைத் திருப்பினால் கூரையும் கவிழும். வண்டி முன்னால் போக, வெளி டயர் தன் மட்டில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றினால் தீர்ந்தது. தீர்த்தேன். பையனுக்கு ஒரு கடலை மிட்டாயாவது கொடுத்திருக்கலாம், "ஸ்கூலுக்கு நேரமாகலையா?" என்று மட்டும் கேட்டேன்.

ஐந்தாம் நாள் நடந்ததை மட்டும் மறைக்க வழியில்லை, ஊரே பார்த்தது. வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தோம். நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன், சாமி ஊர்வலம் மாதிரி. திடீரென்று ஒரு மஞ்சள் சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. யாருடையது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இடது வெளிச்சக்கரம். இரும்பும் இரும்பும் ஒட்ட வேண்டிய இடத்தில் நான் பூசிய மூன்று கை பெயின்ட், ஓட்டத்தின் அழுத்தத்தில் நசுங்கிப் பொடியாகி விட்டிருந்தது. அந்த இடம் காலியானதும் நட்டுகள் தொளதொளத்துவிட்டன. பெயின்ட் இல்லாத இடத்தில்கூட முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். கலைஞனுக்கு ஸ்பானர் ஞாபகம் வராது.

சக்கரம் டீக்கடையைத் தாண்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு கரையிலிருந்து சரிந்து, வாய்க்காலில் விழுந்து, மூழ்காமல் மிதந்தது. டியூபில் அவ்வளவு காற்று. இரும்பு ரிம்மையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. காவிரித் தண்ணீரில் மஞ்சள் ரிம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கிழக்கே போனது, ஆடிப்பெருக்குக்கு முன்கூட்டியே கிளம்பிவிட்ட மாதிரி. நானும் டிரைவரும் கரையோடு ஓடினோம். அரை கிலோமீட்டர் தள்ளி ஷட்டரில் போய்த் தட்டி நின்றது. அங்கே ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் கொம்பால் கரைக்கு ஒதுக்கிவிட்டு, "மேட்டூர்லேர்ந்தே வருதா சார்?" என்றார்.

பெயின்டைச் சுரண்டி, நட்டுகளைப் புதிதாகப் போட்டு, பன்னிரண்டாம் நாள்தான் உண்மையான சோதனைக்கு வயலில் இறங்கினோம். தண்ணீர் நிற்கிற, ஏற்கெனவே ஒரு உழவு கண்ட வயல். முதல் பத்து அடி அற்புதம். வண்டி புதையவில்லை! திரும்பி டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினேன். இரண்டாவது சுற்றில் இரண்டு டயருக்கும் நடுவில் இருந்த நாலு அங்குலச் சந்தில் களி ஏறி அடைத்துக்கொண்டது. அப்புறம் கட்டைகளுக்கு நடுவில் ஏறியது. நான்கு டயர்களும் போய், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வழவழப்பான மண் உருளைகள் ஆயின, கோயில் நந்தவனத்தில் கிடக்கும் கல்லுருளை மாதிரி. வண்டி புதையவும் இல்லை, போகவும் இல்லை. நின்ற இடத்தில் நின்று தயிர் கடைந்தது.

கூலூமை நான் தவறாகப் படிக்கவில்லை. பாதி படித்திருந்தேன். சேடை என்பதே மண்ணின் ஒட்டைக் கொல்லுகிற வேலை. தண்ணீர் கட்டி, உழுது, குழப்பி, நாற்று நட வாகாகவும் தண்ணீர் கீழே இறங்காமலும் இருக்கட்டும் என்று களியைக் கூழாக்குகிறோம். ஒட்டே இல்லாத கூழின் மேல் பரப்பை இரண்டு மடங்காக்கினால் என்ன கிடைக்கும்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம் என்று வங்கிக்காரனுக்குத் தெரியாதா? பிடிப்பு இருப்பது அந்தக் கூழுக்கு அடியில், பரம்பரையாக மாடும் மனுஷனும் கலப்பையும் அழுத்தி இறுக்கிய கெட்டித் தரையில். என் இரட்டை டயர் தெப்பம் மாதிரி மேலேயே மிதந்து அந்தத் தரையைத் தொடாமல் நின்றது. கேஜ் வீலின் பட்டைகள் கூழைக் கிழித்துக்கொண்டு அடியைத் தேடிப் போகும். ஏறின சேறு திறப்பு வழியே மறுபக்கம் கொட்டிவிடும். டிரைவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "கீழ கெட்டி இருக்குல்ல சார், அதுல கால் ஊணணும்."

அதற்குள் இன்னொன்றையும் பார்த்தேன். ஒப்புக்கு உழுத அந்த இரண்டு சுற்றிலும் இரண்டு ஓரமும் ஒவ்வோர் அடி அகலத்துக்குப் பட்டையாக அமுங்கிக் கிடந்தது. என் ரோட்டவேட்டர் மூன்றரை அடி. முன்பு சக்கரத் தடத்தை அதுவே கிளறி மூடிவிடும். இப்போது வெளிச்சக்கரங்கள் அதன் எல்லைக்கு வெளியே ஓடின. உழுத இடத்தையெல்லாம் அடுத்த சுற்றில் நானே மிதித்துக்கொண்டு போனேன். ஒரு கையால் கோலம் போட்டு மறு கையால் அழித்த மாதிரி.

அன்று சாயங்காலம் சந்திலிருந்த களியைக் கடப்பாரையால் பெயர்த்தோம். மறுநாள் வெயிலில் மிச்சம் செங்கல்லாகிவிட்டது. "சூளை வச்சிருக்கலாம் சார்" என்றார் டிரைவர். அவர் என்னைக் கேலி செய்த ஒரே தடவை அது. பதினாறாம் நாள் வலது பக்க ஆக்சிலிலிருந்து கியர் ஆயில் வடிந்தது. ஆயில் சீல் போயிருந்தது, பேரிங்கிலும் ஆட்டம். பட்டறைக்காரர் கேட்ட கேள்வி பில்லாக வந்தது. பதினேழாம் நாள் கழற்றிவிட்டேன்.

அன்று ராத்திரி தங்கை மகனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இரட்டைச் சக்கரத்தை வைத்து என்னதான் செய்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யறதில்ல மாமா. ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்துல ஓட்டறதுக்காக அழகுக்குப் போட்டிருக்கார். புல்லு வெட்டும்போது கழட்டி வச்சிடுவார். ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன்.

குறுவை தள்ளிப்போய்விடும் போலிருந்தது. அண்ணனிடம் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை அவர் டிராக்டர் வந்தது. கேஜ் வீல் இரண்டும் டிரெய்லரில் சாக்கு போட்டுக் கிடந்தன. வயல் ஓரத்தில் நிறுத்தி இறக்கி மாட்டினார்கள். நான் ஆச்சரியமாகப் பார்த்ததும், "நீ சொன்னதுக்கப்புறம் ரோட்டுல மாட்டிக்கிட்டு ஓட்டறதில்ல தம்பி. பிள்ளைங்க சைக்கிள்ள போற ரோடு" என்றார். 6 மாவையும் ஒரே மூச்சில் சேடை ஓட்டிப் பரம்பும் அடித்துவிட்டு, கணக்குச் சொன்னார். வாடகையோடு, கேஜ் ஏற்றி இறக்கி மாட்டுகிற கூலி தனி. என் பிரசங்கத்துக்கு நானே கொடுத்த தட்சணை அது.

மஞ்சள் சக்கரங்களும் குழாய்களும் கொட்டகை மூலையில் கிடந்தன. போன மாதம் வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆசிரியராக இருந்து ரிடையர்டானவராம். சட்டைப் பையில் பேனா, கையில் மடித்த காகிதம். அதில் ஏதோ படம் வரைந்திருந்தார். மினி டிராக்டர் வாங்கியிருக்கிறாராம். குழாயைத் தட்டிப் பார்த்தார், ரிம்மைச் சுற்றிப் பார்த்தார், பெயின்ட் வேலையை வெகுவாகப் புகழ்ந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. வாசல், கூரை, எலுமிச்சம்பழம், எல்லாம். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவு நல்ல சாமானை எதுக்குங்க கொடுக்கறீங்க?" என்றார் அவர்.

"இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்கு" என்றேன்.